சாம்பிள் சட்டை

தாராவியில் தையல் கார்கானாவின் இரும்பு ஏணியில் மூச்சு வாங்க ஏறுகிறேன். கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் நான் ஆசிரியை. பள்ளி இருக்கும் ஊரிலிருந்து முன்னொரு காலத்தில் விடுதிப் பள்ளிக்குப் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பி வராத ஒரு சிறுவனின் நினைவாக, ஆரஞ்சுச் சட்டைகள் தைக்கக் கொடுத்திருந்தேன். சட்டையிலுள்ள பறவை, அவன் குடும்பத்துப் பெண் ஒருத்தி வரைந்தது. கீழே அவன் பெயர். அந்த ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தச் சட்டை போகாது என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

மூட்டைகள் தயார். ஆனால் சுவரில் ஒரு சட்டை தொங்குகிறது.

"இது எதுக்கு அண்ணாச்சி?"

"சாம்பிளு டீச்சர். எது அடிச்சாலும் ஒண்ண மாட்டிருவோம். வாட்ஸ்அப்புலயும் போட்டாச்சு. மூணு பார்ட்டி கேக்காவ."

"யாருக்கும் குடுத்துராதீங்க. அது அந்தப் பையனோடது."

முதலாளி சட்டையை உற்றுப் பார்க்கிறார். முகம் தெளிகிறது.

"அட, இதுக்கா பயப்படுதீய? பேர எடுத்துட்டுதான் குடுப்போம்."

விடுதிப் பள்ளியில் சேர்த்த அன்று அவனிடமிருந்து முதலில் எடுத்ததும் அதைத்தான்.