துரை கோட்டும் ஒரு செட்டுப் பல்லும்

பக்கத்து வீட்டு அத்தை செத்த அன்று நான் செய்த திருட்டு வேலையை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. சொந்த அத்தை இல்லை. தொழிலாளர் லயத்தில் அடுத்த வீடு, தேயிலை மலையில் அடுத்த நிரை.

அவளிடம் ஒரு கோட்டு இருந்தது. சீமைக்குத் திரும்பிப்போன பழைய துரை கொடுத்தது, முழங்காலைத் தொடும். எழுபதுகளில் நான் கல்யாணமாகி இந்த எஸ்டேட்டுக்கு வந்தபோதே அது அவள் உடம்பில் இருந்தது. பனி மூடிய காலையில் எங்களுக்கு முன்னால் போய் வளைவில் நிற்பாள். இடுப்பில் கை, தொண்டையில் ஒரு செருமல். அவ்வளவுதான். துரைதான் வந்துவிட்டார் என்று கங்காணி பீடியைக் காலால் நசுக்கிவிட்டு விறைப்பாக நிற்பார். ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்த நாங்கள் கொழுந்தின் மேல் பாய்வோம். கிட்டே வந்ததும் அத்தை பல்லைக் காட்டிச் சிரிப்பாள். கங்காணி அப்போது சொன்னதை எழுத முடியாது. ஆனாலும் அடுத்த வாரமும் ஏமாறுவார். நாங்களும்தான்.

அந்தப் பல்லும் தானா ராத்தா டவுனில் கட்டிய பொய்ப்பல் செட்டு. வெற்றிலைக்கு ஆகாது. போட்டோ, கல்யாணம், கங்காணியைப் பயமுறுத்துவது, இதற்கு மட்டும்தான் வாய்க்குள் போகும். மற்ற நேரம் அலமாரி டம்ளரில் கிடக்கும்.

எண்பதுகளில் படுக்கையில் விழுந்தாள். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மண்ணுக்குள்ள இன்னும் குளிரும் புள்ள. கோட்டு இல்லாம என்னை அனுப்பிறாத. சத்தியம் பண்ணு லா" என்றாள். பண்ணினேன்.

அவள் போன அன்று அவள் மருமகளிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். "தாய் வீட்டுக் கோடிச் சேலை வந்திருக்கு. அதுக்கு மேல துரை கோட்டா? சனம் சிரிக்காதா?" என்றாள். அவள் சொன்னதும் நியாயம்தான். ஆனால் சத்தியம் பண்ணியவள் நான். குளிப்பாட்டும் பரபரப்பில் கோட்டை மடித்து, சவப்பெட்டிக்குள் விரித்த வெள்ளைத்துணிக்கு அடியில் செருகிவிட்டேன். அத்தையை அதன் மேல் படுக்க வைத்தார்கள்.

அப்போதுதான் அவள் மகன், "அம்மா வாயி ஏன் இப்படி உள்ள போயிருக்கு? பல்லு எங்க?" என்றான். டம்ளரில் இல்லை. வெற்றிலைப் பெட்டியில் இல்லை. வீடே தலைகீழானது. பேரன் எடுத்து விளையாடுகிறான் என்று அதற்கு முந்தின வாரம் என் கண் முன்னால்தான் அத்தை அந்தப் பல்லைக் கோட்டின் உள்பையில் ஒளித்து வைத்தாள்.

வாயைத் திறந்தால் கோட்டு வெளியே வந்துவிடும். கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து நானும் மும்முரமாகத் தேடினேன். பெட்டியை மூடி ஆணி அடித்தபோது அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். பார்த்தவர்கள், பாவம், தாயைப் போல நினைத்திருந்தாள் என்றார்கள். அதுவும் உண்மைதான்.

மகன் மட்டும் ஒவ்வொரு திவசத்துக்கும், "அம்மாவ பொக்கை வாயோட அனுப்பிட்டோமே அக்கா" என்று கண் கலங்குவான். நான் வடையை மென்றுகொண்டு தலையாட்டுவேன்.

தம்பி, இனி அழாதே. இடது பக்கம், உள்பையில் இருக்கிறது. உன் அம்மாவுக்குத் தெரியும்.