குருவி குடிவந்த சிரட்டைக்கூடு

இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளை ஒட்டி, தும்பு சுற்றி, ஓட்டை வைத்து நான் செய்யும் அலங்காரக் குருவிக்கூடு ஒன்று டவுன் கடை வாசலில் மாதிரிக்குத் தொங்கியது. போன வாரம் அதில் உண்மையாகவே ஒரு சிட்டுக்குருவி குடிவந்துவிட்டது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

இன்று நான் கடையில் நிற்கும்போது, லண்டனிலிருந்து லீவுக்கு வந்த ஒரு அக்கா அதையே கேட்டார். உள்ளே புதிதாகப் பத்துக் கூடுகள் இருந்தன.

"குருவியே நம்பி வந்த கூடு. எனக்கு இதுதான் வேணும்."

கடைக்கார அண்ணன் கதிரையில் ஏறிக் கூட்டைக் கழற்றி, குப்பைவாளிக்குள் கவிழ்த்தார். வைக்கோலோடு மூன்று முட்டைகள் விழுந்தன. அந்த அக்கா போனில் யாருக்கோ கூட்டின் படத்தை அனுப்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணன், முட்டை கிடந்ததே!"

"குருவிக்கு வேற இடமா இல்ல, தங்கச்சி? இப்பிடி இன்னும் ஆறு செஞ்சி கொண்டாங்க. நல்லாப் போகும்."

"ஓம்" என்றுதான் நானும் சொன்னேன்.

வெளியே வந்தபோது குருவி வெறும் கொக்கியில் உட்கார்ந்திருந்தது.

இப்போது நாவற்குடாவில், வீட்டில் உட்கார்ந்து முதல் சிரட்டையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த முறை ஓட்டையைக் குருவி நுழைய முடியாத அளவுக்குச் சிறிதாக வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

எத்தனை அங்குலம் வைக்கலாம், சொல்லுங்கள்.