பண்ணைப் பாலத்தில் நின்ற கார்

என் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். ஒரு நாள் காலை, கரம்பொன் வீட்டுக் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றவளுக்கு இரத்தம் போகத் தொடங்கியது. ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் டாக்குத்தர் பார்த்துவிட்டு, உடனே யாழ்ப்பாணம் கொண்டுபோகச் சொன்னார். அம்புலன்ஸ் வேறொரு நோயாளியுடன் போயிருந்தது. நான் படிப்பிக்கப் போய்வர வாங்கிய பழைய கார்தான் இருந்தது. பின் இருக்கையில் அவளைக் கிடத்தினோம். அவளுடைய அக்கா, என் மச்சாள், தலையை மடியில் தாங்கிக்கொண்டாள்.

மண்கும்பான் தாண்டியதும் எஞ்சின் இரண்டு தரம் இழுத்துவிட்டு நின்றது. மச்சாளை இறங்கி வந்து, எஞ்சினைக் கிளப்பும் திறப்பைத் திருப்பச் சொல்லி, பிளக் வயரைக் கழற்றி இரும்புக்குக் கிட்டப் பிடித்தேன். பொறி பறந்தது; அதில் பிழையில்லை. பெற்றோல் முடிந்ததோ என்று டாங்கி மூடியைத் திறந்து தடியொன்றை விட்டுப் பார்த்தேன். பாதிக்குமேல் நனைந்து வந்தது. மூடியை இறுக்கி, வயரைப் பூட்டித் திறப்பைத் திருப்பினேன், கார் ஓடியது. ஏன் நின்றது, ஏன் ஓடுகிறது, ஒன்றும் தெரியவில்லை. அதுவே எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

பண்ணைப் பாலத்தில் திரும்பவும் நின்றது. இரண்டு பக்கமும் கடல். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வாகனமும் இல்லை.

"இஞ்சாருங்கோ, இன்னும் கனதூரமே?" மனைவியின் குரல் மெலிந்திருந்தது.

"இல்லை, வந்திட்டம்."

காபரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றினேன். மச்சாள் திறப்பைத் திருப்ப, ஒரு சொட்டுப் பெற்றோல்கூட வரவில்லை. பம்ப் போய்விட்டது என்று நினைத்தேன். அதை நடுவீதியில் திருத்த ஏலாது. அவள் இங்கேயே போய்விடுவாள் என்ற எண்ணம் வந்தது.

மச்சாள் கிட்ட வந்தாள். "தம்பி, முந்தியும் நீர் டாங்கியைத் திறந்தாப் பிறகெல்லோ கார் ஓடினது? ஒருக்கால் திறந்து பாருமன்."

திறந்தேன். உஸ்ஸென்று டாங்கி காற்றை உள்ளே இழுத்தது.

அந்தச் சத்தத்தில் எனக்கு எல்லாம் விளங்கியது. பெற்றோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்றுப் போக வேண்டும்; போகாவிட்டால் பெற்றோல் வெளியே வராது. அதற்காக மூடியில் ஊசித்துளை ஒன்று உண்டு. பெற்றோல் மணம் மனைவிக்கு ஓங்காளத்தைக் கொடுக்கிறதென்று, போன கிழமை சைக்கிள் டியூப்பை வெட்டி மூடிக்குள் இறுக்கியவன் நான்தான். பள்ளிக்கூடத்துக்கு ஓடிய சின்னத் தூரத்தில் பிழை தெரியவில்லை. ரப்பரைப் பிடுங்கிக் கடலுக்குள் எறிந்தேன். குழாயைத் திரும்பப் பூட்டித் திறப்பைத் திருப்பினேன்.

ஆஸ்பத்திரி வாசல்வரை கார் பிறகு நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் இரண்டு பேரும் இல்லை என்று தாதி ஒருத்தி சொன்னாள். மகள் பிறந்தாள், கைக்குள் அடங்கும் அளவில்.

மூன்றாம் நாள் மனைவியிடம் உண்மையைச் சொன்னேன்.

"மணக்குது எண்டு நான்தானே ஓயாமச் சொன்னனான்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர்களைப் பார்க்க அதன்பிறகு பஸ்ஸில்தான் போய்வந்தேன். பாலம் வந்ததும் பஸ் எஞ்சினின் சத்தத்தைக் கவனித்தபடி, முன் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.