முழுச் சுற்று

பெரியப்பா இறந்ததும் அவர் மகளை அப்பா ஈரோட்டிலிருந்து கலிபோர்னியாவில் நாங்கள் இருந்த பிளசன்டனுக்கு அழைத்து வந்துவிட்டார். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். என் அறையில் பாதியும் காரில் முன்சீட்டும் அவளுக்குப் போயின. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பனியில் சறுக்கும் பலகையான ஸ்னோபோர்டைத்தான் பொறுக்க முடியவில்லை.

இரண்டு குளிர்காலமாக நான் தாஹோ பனிச்சரிவில் முழுச் சுற்றுக்கு முயன்றுகொண்டிருந்தேன். சின்ன மேட்டிலிருந்து எழும்பி, காற்றிலேயே ஒரு வட்டம் சுற்றி, பலகையோடு நேராக இறங்க வேண்டும். எனக்கு அரைச் சுற்றோடு நின்றுவிடும். அக்கா பனியைப் பார்த்ததே முந்தைய வருடம்தான். ஆனால் ஊரில் கிணற்றுக்குள் கரணமடித்துக் குதித்துப் பழகிய உடம்பு. இரண்டாவது குளிர்காலத்தில் ஒரு நாள் காலையிலேயே முக்கால் சுற்று சுற்றி விழுந்து, சிரித்தபடி எழுந்தாள். அப்பா கேம்கார்டரை என் பக்கம் திருப்பவே இல்லை.

"அக்கா எப்படிச் சுத்தறா பாத்தியா? வாட்ச் பண்ணிக் கத்துக்கோ," என்றார்.

மத்தியானம் அவளே என்னிடம் வந்தாள். "நீதான கிளாஸுக்குப் போனே, பாப்பா. சுத்தறப்ப கண்ணு எங்க பாக்கோணும்?"

தோளைத் தாண்டிப் பார்க்க வேண்டும். தலை திரும்பினால் உடம்பு பின்னாலேயே வரும். வகுப்பில் முதலில் சொல்லித் தந்ததே அதுதான்.

"கீழ. ஜஸ்ட் போர்டையே பாரு," என்றேன்.

நம்பினாள். காற்றில் பாதி திரும்பும்போதே தலை கவிழ்ந்தது. கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது.

முதலுதவி அறையில் கட்டுப் போட்டவர், கீழே பார்த்தால் விழத்தான் செய்வாய், இதை உனக்கு யாரும் சொல்லவில்லையா என்று கேட்டார். அப்பா பக்கத்தில்தான் நின்றிருந்தார். அக்கா என்னை ஒரு முறை பார்த்தாள்.

"பாப்பா சொன்னாளுங்க சித்தப்பா. நாந்தான் மறந்துபோட்டேன்."

கட்டுப் பிரித்த பிறகும் அவள் பலகையைத் தொடவில்லை. அப்பா எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தார். "எனக்கு வேண்டாங்க சித்தப்பா. அவ போகட்டும்," என்று சொல்லிவிட்டாள்.

அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் நான் முழுச் சுற்றுச் சுற்றி நேராக இறங்கினேன். சரிவின் அடியில் நின்று அக்காதான் முதலில் கைதட்டினாள். அவளுக்குப் பயம் பிடித்துவிட்டது, நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். பயமில்லை, தான் இருப்பது என் வீடு என்பதை ஒரு நாள்கூட மறக்காமல்தான் அவள் விட்டுக்கொடுத்தாள் என்பது எனக்கு விளங்க வெகுகாலம் ஆயிற்று.