ஸ்பீக்கர் பேசுவதற்கு முன் நாலு செக்கன்

1. தேயிலைத் தோட்டத்துக் கோயில் ஆம்ப்ளிஃபயர் பழுதாகி, ஸ்பீக்கரும் சேர்ந்து எரிந்தது.
2. கொட்டகலையிலிருந்து ஒருவர் இரண்டையும் பஸ்ஸில் ஏற்றி, ஹட்டனில் நான் வேலை செய்யும் கடைக்குக் கொண்டுவந்தார்.
3. இனி எரியாதபடி ஒரு ரிலே பூட்டிக் கொடுத்தேன். சுவிட்சைப் போட்டு நாலு செக்கன் கழித்து, கோளாறு இல்லையென்றால்தான் அது ஸ்பீக்கரை இணைக்கும். அதுவரை பேசுவது வெளியே கேட்காது.
4. அடுத்த மாதம் அறுந்த மைக் வயரைப் பற்றவைக்க மறுபடி வந்தார்.

காதை மூடிய கம்பளித் தொப்பி, நனைந்த கோட். பேசும் முன் மைக்கைத் தட்டுவதுபோல மேசையை இரண்டு முறை தட்டுவார். தோட்டத்தில் யார் இறந்தாலும் அந்த ஸ்பீக்கரில் பெயர் சொல்லி அறிவிப்பவர் அவர்தான்.

"நாலு செக்கன் காத்திருக்கிறது கரைச்சலா, ஐயா? குறைச்சுத் தரவா?" என்றேன்.

மேசையைத் தட்டினார். "வேணாங்க மிஸ். அந்த நேரத்துல என் பேரச் சொல்லி, காலமானார்னு சொல்லிப் பாக்குறேன். ஒருத்தருக்கும் கேக்காதில்ல? லயத்து வீட்டுல தனியாக் கெடக்குறவன். நான் போனா யாரு மைக்கப் புடிக்கப்போறா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார்.

ரிலே இன்றும் நன்றாக வேலை செய்கிறது. ஸ்பீக்கர் பிறகு எரியவில்லை. கடைக் குறிப்பேட்டில் 'கோயில் ஆம்ப்' என்றுதான் எழுதியிருக்கிறேன். அவர் பெயரை நான் கேட்கவே இல்லை.