அடமாஸ் என்று பெயர் வைத்துக் கொடுத்த கதை

போன ஆவணியில் திருப்பூர் போனேன். என்னோடு கல்லூரியில் படித்த கதிர்வேல், வேலம்பாளையத்தில் சொந்தமாகப் பனியன் யூனிட் தொடங்கினான். வைரம் என்று பொருள் வரும்படி புதுசாக ஒரு பெயர் கேட்டான். பழைய கிரேக்கச் சொற்கள் மீது எனக்குள்ள பைத்தியம் இந்த வலைப்பூவைப் படிப்பவர்களுக்குத் தெரியும். ‘அடமாஸ்’ என்று கொடுத்தேன். திறப்பு விழாவுக்கும் அழைத்தான்.

கோவை காந்திபுரத்திலிருந்து பேருந்து. ஐம்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். திருப்பூரில் இறங்கி ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய்.

பூஜை முடிந்ததும் பெயரைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னான். “அடக்க முடியாதது என்று அர்த்தம்” என்றேன். துணி வெட்டும் கத்தியைத் தீட்டுகிற எமரி என்ற சாணைக்கல்லுக்கும் கிரேக்கப் பெயர்தான் மூலம் என்றேன். கைதட்டினார்கள். அதோடு உட்கார்ந்திருக்கலாம். எனக்குத்தான் தலைகால் புரியவில்லையே!

“ஆதியில் அடமாஸ் வைரமே இல்லை. எஃகு மாதிரி ஓர் உலோகம். கிரேக்கப் பழங்கதையில் ஒரு மகன் அப்பனை வெட்டிவிட்டு அவர் இடத்தைப் பிடிக்கிறான். அந்த அரிவாள் அடமாஸில் செய்தது!”

யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் இருந்த கதிரின் அப்பா மெதுவாகக் கேட்டார்: “ஏனுங்க தம்பி, அப்பன வெட்டுன அருவா பேருங்களா எம்பையன் வெச்சிருக்கறது?”

“ஐயோ, சும்மா கதைங்க.”

“சரிங்க. அப்பறம் அந்தப் பையன் என்னானானுங்க?”

அவனை அவன் மகனே வீழ்த்தினான். கதிரின் கைக்குழந்தை எதிரே சிரித்துக்கொண்டிருந்தது. “தெரியலீங்க” என்று பொய் சொன்னேன். பெரியவர் சாப்பிடாமலே கிளம்பிவிட்டார்.

பேருந்து நிலையம்வரை கதிர் பைக்கில் கொண்டுவந்து விட்டான். “குடும்பத் தொழிலப் பிரிச்சுட்டுத் தனியா வந்ததுல இருந்து அப்பா எங்கூடப் பேசறதில்லைடா. அம்மா கெஞ்சித்தான் இன்னைக்குக் கூட்டிட்டு வந்துச்சு” என்றான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. கோவை வரும்வரை நான் தலைநிமிரவில்லை.

திருப்பூர் போகிறவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான யூனிட்டுகள் மூடியிருக்கும்; வேலைநாளில் போங்கள். அடுத்தவர் வீட்டு விசேஷத்தில் பேசச் சொன்னால், அந்த வீட்டு நிலவரத்தை முதலில் விசாரியுங்கள். தெரிந்ததையெல்லாம் கொட்டத் தேவையில்லை.

ஒரு வாரம் கழித்துத் துணிந்து பெரியவருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.

“உடுங்க தம்பி. பேர மாத்தச் சொல்லிப்போட்டனுங்க.”

“கதிர்கிட்ட நீங்களே பேசினீங்களா?”

“பேசாம எப்படிங்க மாத்தச் சொல்றது? ரெண்டு பேரும் உக்காந்து வேற பேரு வெச்சுட்டோம்.”

நிம்மதியாக இருந்தது. ஆசை அடங்காமல், என்ன பெயர் என்று கேட்டேன்.

“அது உங்களுக்குச் சொல்றதா இல்லீங்க” என்றார், மிக மரியாதையாக.