பத்மாதேவி வறுக்காத தூள்

காயப்போட்ட மிளகாயைக் காய்ந்த அன்றைக்கே வறுத்துவிட வேண்டும் என்பது பத்மாதேவியின் தாய் வீட்டுச் சட்டம். யாழ்ப்பாணத்தில் அந்தச் சட்டத்தால் ஒருவருக்கும் கரைச்சல் இல்லை, அங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை. கண்டியில் வெயிலை நம்பி ஒரு காரியம் பார்க்க முடியுமா? கட்டுகஸ்தோட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து, மழை விட்ட நேரம் பார்த்துக் காயவைத்து, காய்ந்த கையோடு குழம்புத் தூளுக்குத் தாச்சியை அடுப்பில் ஏற்றிவிடுவாள். மல்லியும் பெருஞ்சீரகமும் வறுபடும்வரை வீட்டு முன் ஒழுங்கைச் சந்துக்கு நல்ல வாசம். செத்தல் மிளகாய் விழுந்ததும் ஒழுங்கையே இருமும். மாஸ்டர் வீட்டில் இன்றைக்குத் தூள் என்று சிங்கள வீடுகளிலும் முஸ்லிம் வீடுகளிலும் சிரித்துக்கொண்டு யன்னலைச் சாத்துவார்கள்.

மாஸ்டர் என்பது அவள் புருசன் ஸ்ரீஸ்கந்தராசா. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தவர்.

எண்பத்து மூன்றாம் வருடம் ஆடி மாதம், கொழும்பு எரிகிறது என்ற செய்தி வந்தபோது மிளகாய் முற்றத்தில் கிடந்தது. வேறு யாராக இருந்தாலும், மிளகாயாவது மண்ணாங்கட்டியாவது என்று கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்திருப்பார்கள். பத்மாதேவி வானத்தைப் பார்த்தாள். மழை கறுத்துக்கொண்டு வந்தது. விட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று அடுப்பை மூட்டினாள். மிளகாய் சிவந்து கறுக்கிற நேரம் கேற்றடியில் ஆட்களின் சத்தம். இருவரும் பின்வேலியால் விழுந்து, அடுத்த வீட்டு மக்கீன் முதலாளியின் மிளகுச் சாக்கு அறைக்குள் ஒளிந்தார்கள். வீடு எரிந்தது. அடுப்படி மிளகாயும் சேர்ந்து எரிந்ததில், சாமான் தூக்க வந்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடினார்களாம். மக்கீன் பிறகு இதைச் சொன்னபோது மாஸ்டர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"நான்தான் அவங்களைக் கூப்பிட்டனான்," என்றாள் அகதி முகாமில். "ஒழுங்கைத் தலைப்பிலை பரமநாதன் வீடு இருக்கு. அதுவும் தமிழ் வீடுதானே. அதைத் தாண்டி எங்கடை வீட்டடியிலை வந்து நிண்டவங்கள். அங்கை மணமில்லை, இஞ்சை மணம்."

"விசர்க்கதை கதையாதேயும். எது எவரின்ரை வீடெண்டு அவங்களுக்கு முன்னமே தெரியும்," என்றார் மாஸ்டர்.

"அப்ப ஏன் பரமநாதன் வீட்டை விட்டவங்கள்?"

கண்டியில் உத்தியோகம் இருந்ததால் அகதிகளை ஊருக்கு ஏற்றிப்போன கப்பலில் ஏறாமல், மக்கீன் தன் வீட்டு வளவில் ஒதுக்கிக் கொடுத்த இரண்டு அறையில் குடியிருந்தார்கள். அந்தக் கேள்வியும் கூடவே வந்து குடியிருந்தது. பத்மாதேவி றோட்டுக்கு இறங்கும்போது பொட்டை அழித்துக்கொண்டாள். றேடியோவின் காதைத் திருகிச் சத்தத்தைக் குறைத்தாள். தூள் வறுப்பதை அடியோடு விட்டாள்.

மக்கீனின் மனைவி ஹபீலாவுக்கு அது பொறுக்கவில்லை. "எங்கட அடுப்புல வறுங்க பத்மாக்கா. எங்கட வீட்டு வாசம்னு நெனப்பாங்க. ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"வேண்டாம் ஹபீலா. ஒரு வீடு எரிஞ்சது காணும்."

அதற்குப் பிறகு மிளகுதான். வத்தேகமப் பக்கத் தோட்டங்களிலிருந்து மக்கீனுக்கு வரும் மிளகில் ஒரு சுண்டு வாங்கி அம்மியில் அரைத்துக் குழம்பு வைத்தாள். முதல் நாள் சோற்றில் விட்டுப் பிசைந்துவிட்டு இருவரும் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மாஸ்டர் சமாளிக்கப் பார்த்தார்.

"இஞ்சேரும், பறங்கி கப்பலிலை வரும்வரைக்கும் இந்தத் தீவிலை மிளகாய் எண்ட சாமானே இல்லை. ராசாவும் மிளகுதான், குடிசனமும் மிளகுதான். நாங்கள் இப்ப சாப்பிடுறதுதான் பழைய சாப்பாடு."

"பறங்கி கொண்டந்ததுக்கு ஒருத்தரும் நெருப்பு வைக்கேல்லை. எங்களுக்குத்தான் வைச்சவங்கள்," என்றாள். மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.

தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் யாழ்ப்பாணம் போகிற வடக்குப் பாதை பூட்டுப்பட்டது. அதுவரை ஊரிலிருந்து தங்கச்சி இரஞ்சிதம் எப்போதாவது ஒரு சரைப் பொட்டலம் தூள் அனுப்புவாள். கல்யாணம், திவசத்துக்கு மட்டும் பத்மாதேவி அதில் ஒரு கரண்டி போடுவாள். அதுவும் நின்றது. எங்கேயாவது குண்டு வெடித்தால் அடுத்த நாள் பொலிஸ் வந்து அலுமாரியைக் கிளறும். அவர்கள் அடுப்படியை எட்டிப் பார்க்கும்போது அவளும் மூக்கை உறிஞ்சி மணந்து பார்ப்பாள், அங்கே மணக்க ஒன்றும் இல்லை என்பது தெரிந்தும். மாஸ்டர் பென்சன் எடுத்தார். அவளுக்கு முழங்கால் பிடித்தது. பாதை திறந்தால் எல்லாம் சரியாகும் என்று மட்டும் ஒரு எண்ணம் அவளிடம் மிச்சம் இருந்தது. எல்லாம் என்றால் என்ன என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஒரு குழம்பு, அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து இரண்டில் பாதை திறந்தது. இரஞ்சிதம் பஸ் ஏறி வந்து ஒரு பெரிய பால்மாத் தகர ரின் நிறையத் தூளைக் கையில் வைத்தாள். பத்மாதேவி மூடியைத் திறந்து மணந்து பார்த்தாள். ரின்னை மடியில் வைத்துக்கொண்டு கனநேரம் கதிரையை விட்டு எழும்பவில்லை.

தங்கச்சி ஊர் திரும்பிய அன்று கத்தரிக்காய்க் குழம்பு வைத்தாள். மாஸ்டர் ஒரு வாய் வைத்தார். நெற்றி வேர்த்தது. தண்ணீர் குடித்தார். "நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு மறுபடியும் தண்ணீர் குடித்தார். அவள் ஒரு வாய் வைத்தாள். தொண்டை எரிந்து, இருமல் பிடித்து, மூக்கால் வடிந்தது. இன்னொரு வாய் வைத்துப் பார்த்தாள். முடியவில்லை.

"நாளைக்கு மிளகுக் குழம்பே வையுமன்," என்றார் மாஸ்டர் மெதுவாக.

அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வராததுதான் அவளை வருத்தியது. அன்று பின்னேரமே ரின்னைக் கொண்டுபோய் ஹபீலாவிடம் கொடுத்தாள்.

ஹபீலா வீட்டில் அந்தத் தூள் பறந்தது. ரின் முடிந்ததும் பத்மாதேவியின் அறை வாசலுக்கு வந்து, எதை எவ்வளவு போடுவது என்று கேட்டுக்கொண்டு போனாள். மழை விட்ட ஒரு நாளில் அவள் அடுப்பிலிருந்து மல்லி வாசம் எழும்பியது. பிறகு மிளகாய் விழுந்தது. நெடி வளவைத் தாண்டி வந்ததும், மிளகு அரைத்துக்கொண்டிருந்த பத்மாதேவியின் கை அம்மியில் அப்படியே நின்றது. கேற்றடியில் ஆட்களின் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தாள். ஒழுங்கையில் போன யாரோ இருமுவது கேட்டது. மாஸ்டர் வீட்டில் தூள் வறுக்கிறார்கள் என்று சிங்களத்தில் சொல்லி அந்த ஆள் சிரிப்பதும் கேட்டது. அக்கம்பக்கத்து யன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்துப்பட்டன.

அவளும் இருமினாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பிப் போய்த் தன் யன்னலையும் சாத்தினாள்.